தண்டுவடத்தில் அடி: அறுவை சிகிச்சை எப்போது?

பைக்கில் போனவர் விழுந்துவிட்டார். அல்லது தென்னை ஏறியவர் கை தவறிக் கீழே விழுந்துவிட்டார். நினைவு இருக்கிறது, பேசுகிறார், ஆனால் காலை அசைக்க முடியவில்லை என்கிறார். மருத்துவமனையில் டாக்டர், "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போடுங்க" என்கிறார். கூட வந்த பெரியப்பா, "அவசரப்படாதீங்க. வீக்கம் வடியட்டும். நாலு இடத்துல விசாரிச்சுட்டு முடிவு பண்ணுவோம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பெரும்பாலும் டாக்டர் பேச்சைத்தான். ஏன் என்பதையும், எந்தச் சமயத்தில் காத்திருப்பதிலும் நியாயம் உண்டு என்பதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில், அடி எதில் பட்டிருக்கிறது? முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள் சேர்ந்தது முதுகெலும்பு. அந்த எலும்புகளுக்குள் இருக்கும் வழியில், மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புத் திசுதான் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். காலை மடக்கு, கையைத் தூக்கு என்ற கட்டளைகள் கீழே போவதும், சூடும் வலியும் தொடுகையும் மேலே வருவதும் இதன் வழியாகத்தான்.

எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பியவர்கள் ஏராளம். எலும்பு உடையாமலே தண்டுவடம் நசுங்கியவர்களும் உண்டு. இங்கே நாம் பேசுவது தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றி மட்டும். கழுத்தில் பட்டால் கையும் காலும் பாதிக்கும். முதுகில் பட்டால் கைகள் தப்பிக்கும். கழுத்தின் மேல்பகுதியில் பட்டால் மூச்சு விடுவதே சிரமம்.

அடிபட்டது பட்டதுதானே, அரை நாள் தள்ளிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கலாம். கெடுகிறது. தண்டுவடத்துக்குச் சேதம் இரண்டு தவணையாக வருகிறது. விழுந்த நொடியில் எலும்பு இடித்து உண்டாவது முதல் சேதம். அதை யாராலும் திருப்ப முடியாது. அடுத்த சில மணி நேரங்களில் தொடங்குவது இரண்டாவது சேதம். அடிபட்ட இடம் வீங்குகிறது, ரத்தம் கசிகிறது, சுற்றியுள்ள நல்ல திசுவுக்கும் ரத்த ஓட்டம் குறைகிறது. வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். வீங்க வீங்க இறுக்கம் கூடும், இறுக்கம் கூடக் கூட ரத்த ஓட்டம் குறையும். வித்தியாசம், இங்கே மோதிரம் எலும்பால் ஆனது. தானாக விரிந்து கொடுக்காது.

டாக்டர்கள் காப்பாற்றப் பார்ப்பது இந்த இரண்டாவது தவணையில் போகவிருக்கும் திசுவை. "வீக்கம் வடியட்டும்" என்று பெரியப்பா சொல்வது கணுக்கால் சுளுக்குக்குச் சரி. இதற்கு, அந்த வீக்கமே எதிரி.

அப்படியானால் அறுவை சிகிச்சையில் அறுந்த நரம்பை ஒட்டவைத்துவிடுவார்களா? இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாததால்தான் பிற்பாடு பல குடும்பங்கள் ஏமாந்துபோய் நிற்கின்றன. செய்வது இரண்டு வேலை. ஒன்று, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும் எலும்புத் துண்டையோ, பிதுங்கிய வட்டையோ (எலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை போன்ற பகுதி) அகற்றுவது. இரண்டு, ஆடிக்கொண்டிருக்கும் முதுகெலும்பை ஸ்க்ரூவும் கம்பியும் பிளேட்டும் போட்டு நிறுத்துவது. மீண்டுவருவது தண்டுவடத்தின் கையில் இருக்கிறது. அதற்கு இடம் கொடுப்பதுதான் அறுவை சிகிச்சை.

சரி, எத்தனை மணி நேரத்துக்குள்? இன்று உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கும் எல்லை 24 மணி நேரம். உடல் தாங்கும் என்றால், கழுத்தோ முதுகோ எந்த மட்டத்தில் அடிபட்டிருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கிவிட வேண்டும் என்று 2024இல் வெளியான சர்வதேச நெறிமுறை அழுத்தமாகவே பரிந்துரைக்கிறது. 2017இல் வந்த முந்தைய நெறிமுறை இதையே தயக்கத்தோடு, "செய்யலாம்" என்ற தொனியில் சொல்லியிருந்தது. நடுவில் சான்று கூடியிருக்கிறது.

இந்த 24 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது வந்த வழி நேரானதல்ல. விலங்குகளில் நடந்த சோதனைகள், அழுத்தம் நீடிக்க நீடிக்க மீட்சி குறைகிறது என்று முன்பே காட்டிவிட்டன. மனிதர்களிடம் அதைக் காட்டுவது கடினமாக இருந்தது. 1997இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, 72 மணி நேரத்துக்குள் செய்த அறுவையையும் 5 நாளுக்குப் பிறகு செய்ததையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்றது. இப்போது திரும்பிப் பார்த்தால் காரணம் புரிகிறது. 72 மணி நேரம் என்பதே தாமதம்தான்.

பிறகு வட அமெரிக்காவில் 6 மருத்துவமனைகள் சேர்ந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேரைக் கவனித்தன. டொரன்டோவின் மைக்கேல் ஃபெலிங்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2012இல் வெளியானது. அடிபட்டவர்களின் நிலையை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகப் பிரிப்பது வழக்கம். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஈ என்றால் இயல்பு. 24 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 19.8 சதவீதம் பேர் 6 மாதத்தில் இரண்டு படியோ அதற்கு மேலோ ஏறியிருந்தார்கள். தாமதமாக நடந்தவர்களில் 8.8 சதவீதம் பேர்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் பாருங்கள். வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அது பெரிய விஷயம். ஆனால் சீக்கிரம் செய்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை. "சீக்கிரம் பண்ணிட்டா நடந்துடுவார்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். இந்த ஆய்வில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்ற குறையும் உண்டு. முதலில் வந்தவர்களுக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம்.

அந்தச் சந்தேகத்தைக் குறைத்தது 2021இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த தொகுப்பாய்வு. 4 தனித்தனித் தரவுகளிலிருந்து 1,548 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கை கால் தசைகளின் பலத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். ஓராண்டு கழித்து, 24 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 4 மதிப்பெண் கூடுதலாக மீட்டிருந்தார்கள். அடிபட்டதிலிருந்து 24–36 மணி நேரம் வரை, நேரம் போகப் போகப் பலன் சரிகிறது. அதற்குப் பிறகு அந்தச் சரிவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

வெறும் 4 மதிப்பெண்ணுக்கா இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு அந்த நாலு மதிப்பெண் எங்கே வந்து விழுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். மணிக்கட்டை மேலே தூக்கும் பலம் வந்துவிட்டால், விரல்கள் தாமாக மடங்கும். அதைப் பழக்கி, ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட முடியும். முழங்கையை நீட்டும் பலம் வந்துவிட்டால், கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற முடியும். அதற்கு ஒரு மட்டம் மேலே நின்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் தூக்கிவிட வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். மகனோ மனைவியோ வேலைக்குப் போக முடிவதும் முடியாமல் போவதும் இந்த ஒரு மட்டத்தைப் பொறுத்தது. ஆகவே "ஏ நிலை, இனி ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்டவருக்கும் அவசரம் பொருந்தும். கால் திரும்பாவிட்டாலும் கை ஒரு மட்டம் இறங்கிவந்தால் வாழ்க்கையே வேறு.

24 நல்லது என்றால் 8 இன்னும் நல்லதா? தர்க்கப்படி ஆம். சான்றுப்படி இன்னும் உறுதியில்லை. 12 மணி நேரத்தை எல்லையாக வைத்து ஐரோப்பாவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், கால்களின் பலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மேற்சொன்ன 2024 நெறிமுறையும், 24 மணி நேரத்தைவிட விரைந்த அறுவைக்குப் பரிந்துரை செய்யும் அளவுக்குச் சான்று இல்லை என்றே நிறுத்திக்கொண்டது. எனவே மருத்துவமனை 10ஆம் மணியில் செய்யாமல் 16ஆம் மணியில் செய்தது என்பதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. மூன்றாம் நாள்வரை காரணமில்லாமல் தள்ளிப்போட்டால் கேட்க வேண்டும்.

காத்திருப்பது நியாயமாகும் இடங்களும் உண்டு. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், தலையில் ரத்தம் கட்டியிருந்தால், நுரையீரல் நசுங்கியிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உயிர் முதலில், தண்டுவடம் அடுத்தது. இதில் மருத்துவர்களின் முடிவை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வயதானவர்களிடம் வரும் வகை. குளியலறையில் வழுக்கி முகம் தரையில் மோதி விழுகிறார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் கை பலமிழந்துவிட்டது. காலைவிடக் கைதான் அதிகம். வயதினால் ஏற்கெனவே குறுகியிருந்த கழுத்து எலும்பு வழி, விழுந்த வேகத்தில் தண்டுவடத்தை நசுக்கியிருக்கும். இப்படிப்பட்ட 72 பேரை ஜப்பானில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றதற்கு 2 வாரத்துக்குப் பின்னும் அறுவை செய்தார்கள். 2021இல் வந்த முடிவு: ஓராண்டில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன, முதல் 6 மாதத்தில் மட்டும் சீக்கிரம் செய்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆகவே இந்த வகையில் டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் அது அலட்சியம் ஆகாது. ஆனால் "எக்ஸ்ரே நார்மல்" என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடாதீர்கள். கை பலவீனம் இருந்தால் எம்ஆர்ஐ (எலும்பு மட்டுமின்றி நரம்புத் திசுவையும் காட்டும் காந்தப் படம்) எடுத்தே ஆக வேண்டும்.

அவசர அறுவையில் ஆபத்து கூடாதா என்ற பயம் இயல்பு. மேலே சொன்ன 2012 ஆய்வில், சீக்கிரம் செய்தவர்களுக்குச் சிக்கல்கள் கூடவில்லை. படுத்த படுக்கையாகக் காத்திருப்பதற்கும் விலை உண்டு: சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப் புண்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். 24 மணி நேரம் என்பது மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து அல்ல, அடிபட்ட நேரத்திலிருந்து. மாலை 6 மணிக்கு விழுந்தவரைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே இரவு வைத்திருந்து, காலையில் ஸ்கேன் எடுத்து, "எங்களிடம் வசதி இல்லை" என்று மத்தியானம் அனுப்பினால், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது எல்லை முடிந்துவிட்டிருக்கும். அறுவை அறைக்குள் போகும் நேரத்தைவிட, இப்படி வழியில் போகும் நேரம்தான் அதிகம்.

அதனால் 108ஐ அழைக்கும்போதே, "கை கால் அசையவில்லை, கழுத்தில் அடி" என்று சொல்லுங்கள். போகும் இடத்தில் சிடி, எம்ஆர்ஐ, நரம்பியல் அறுவை நிபுணர் அல்லது முதுகெலும்பு அறுவை நிபுணர், ஐசியூ நான்கும் உண்டா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சீராக்கும் வரை நின்றால் போதும். மாவட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரும்பாலும் முதல் தேர்வாக இருக்கும்.

பணமும் போலீஸும்தான் பலரைத் தயங்கவைக்கின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை அரசே கட்டுகிறது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு இது பொருந்தாது; முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். போலீஸ் நடைமுறை முடிந்தால்தான் சிகிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. 1989இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. உதவிய வழிப்போக்கருக்கும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பெரியது. உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டை, மூச்சு அடைத்தாலொழிய, பழகியவர்கள் கழற்றட்டும். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி நாலு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவதும், ஆட்டோவில் மடக்கிப் படுக்கவைப்பதும் நம் ஊரில் நல்ல எண்ணத்தோடு தினமும் நடக்கிறது. தப்பியிருந்த தண்டுவடத்தை அதுவே நசுக்கிவிடலாம். எண்ணெய்க் கட்டு போடும் இடத்துக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

மருத்துவமனையில் சில காட்சிகள் உங்களைத் திகைக்கவைக்கும். டாக்டர் மலவாயில் விரல் வைத்துப் பார்ப்பார். அங்கே தொடுவுணர்வு மிச்சமிருந்தால், தண்டுவடத்தின் ஏதோ ஒரு பகுதி வேலை செய்கிறது என்று பொருள். மீட்சிக்கு அது நல்ல அடையாளம். கழுத்து எலும்பு இடம் பெயர்ந்திருந்தால், தலையின் இருபுறமும் திருகு பொருத்தி எடை கட்டி இழுக்கலாம். பார்க்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் அறுவை அறை தயாராகும் முன்பே எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து அழுத்தத்தைக் குறைக்கும் வழி அது. ரத்த அழுத்தம் இறங்காமல் சில நாள் மருந்து ஓடும். நசுங்கிய திசுவுக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டுமே.

"ஸ்டீராய்டு ஊசி போடலையா?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 1990இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு, 8 மணி நேரத்துக்குள் அதிக அளவில் கொடுப்பது உலகமெங்கும் வழக்கமானது. பிற்பாடு பலன் சிறிது, தொற்றும் வயிற்று ரத்தக்கசிவும் கூடுகின்றன என்ற விமர்சனம் வலுத்தது. இன்று சிலர் கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. கொடுக்காதது தவறல்ல.

24 மணி நேரம் கடந்துவிட்டால்? அறுவை வீண் என்று பொருளில்லை. எலும்பை நிறுத்தினால்தான் நோயாளியை உட்காரவைக்க முடியும், வலி குறையும், மேலும் சேதம் வராது. தாமதமாகச் செய்து தேறியவர்களும் உண்டு. ஊரிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். மேற்சொன்ன எல்லாமே சராசரிக் கணக்கு, ஒரு தனி மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும். எந்த மட்டத்தில் அடி? ஏ முதல் ஈ வரை எந்த நிலை? தண்டுவடம் இப்போதும் அழுத்தப்பட்டிருக்கிறதா? எத்தனை மணிக்கு அறுவை, தள்ளிப்போனால் என்ன காரணம்? பதில்களை அடிபட்ட நேரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அந்தத் தாள் உதவும்.

அறுவை முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நான் பார்த்த வரையில் பெரிய தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரும். சிறுநீரைச் சரியாக வெளியேற்றாவிட்டால் சிறுநீரகம் கெடும். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். இன்றைய 24 மணி நேரக் கணக்கெல்லாம் அப்போது இல்லை. கால்கள் திரும்பவும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமாக இருந்தார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான்.

இப்படிப்பட்ட மறுவாழ்வு மையங்களில் இடம் கிடைக்க நாளாகலாம். டிஸ்சார்ஜ் ஆகும் நாள்வரை காத்திருக்காமல், அறுவை நடந்த வாரத்திலேயே விசாரித்துப் பெயர் பதிந்துவிடுங்கள்.